நாணைப் பிடித்திருப்பது யார்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், நவம்பர் மாதம். மரத்தோடு சேர்த்துக் கட்டிய சிறு மேடையில், தரையிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில், விடிவதற்கு முன்பிருந்தே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சம் வந்து சற்று நேரத்தில் வெண்வால் மான் ஒன்று புதரிலிருந்து வெளிப்படுகிறது. தூரம் இருபத்தைந்து மீட்டர். அவரிடம் இருப்பது நுனிகளில் சக்கரம் பொருத்திய நவீன வில்லான காம்பவுண்டு வில் என்றால் கஷ்டமான வேலை இனிமேல்தான் இருக்கிறது. கையை நீட்டி, முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும் நாணைக் கன்னம் வரை இழுக்க வேண்டும். அதையும், தலையைத் திருப்பாமலே சுற்றிலும் ஏறக்குறைய 300 பாகை பார்க்கிற, சிறு அசைவுக்கும் விறைத்து நிற்கிற ஒரு விலங்கின் முன்னால் செய்ய வேண்டும். மடியில் இருப்பது துப்பாக்கி போலக் கட்டையும் டிரிக்கரும் உள்ள குறுக்குவில் என்றால், பாதுகாப்புப் பூட்டைத் தள்ளிவிட்டு ஒரு விரலை மடக்கினால் போதும்.

இந்த இரண்டு கருவிகளையும் பற்றி அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே பல பத்தாண்டுகளாகச் சச்சரவு நடக்கிறது. குறுக்குவில் அதிக வேகம், அதிக வலு, கிட்டத்தட்டத் துப்பாக்கி என்பது ஒரு கட்சி. விளம்பரங்களும் வேகத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடுகின்றன. எனக்கு வேட்டை பழக்கமில்லை. எனக்குப் பிடித்தது இதிலுள்ள இயற்பியல்தான். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், வேகத்தில் இருக்கும் வித்தியாசம் இரண்டாம்பட்சமாகத் தெரிகிறது. நாணை இழுத்த நொடிக்கும் அம்பு கிளம்பும் நொடிக்கும் இடையில் அந்த நாணைப் பிடித்துக்கொண்டிருப்பது மனிதக் கையா, உலோகக் கொக்கியா என்பதே முதல் கேள்வி.

சாதாரண வில்லிலிருந்து தொடங்குவோம். அதை இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே போகும். முழுவதும் இழுத்து நிறுத்தி, மூச்சை அடக்கிக் குறி பார்க்கும்போதுதான் கனம் உச்சத்தில் இருக்கும். எந்த நேரத்தில் கை ஆடக் கூடாதோ அந்த நேரத்தில்தான் தோள் நடுங்கும். மிசூரியைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டு 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969-இல் கிடைத்தது. வில்லின் இரு நுனிகளிலும் அவர் சிறு சக்கரங்களைப் பொருத்தினார். கிணற்றுக் கப்பிக்கு அச்சு நட்டநடுவில் இருக்கும். இந்தச் சக்கரங்களுக்கு அச்சு ஓரமாகத் தள்ளி இருந்தது. சூட்சுமம் அந்தத் தள்ளலில்தான்.

சைக்கிளைப் பின்சக்கர ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தியவர்களுக்கு இது உடனே புரியும். காலால் மிதித்து, சீட்டைப் பிடித்துத் தூக்கும்போது ஒரு கட்டம் வரை கனமாக இருக்கும். அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் வண்டி தானாகவே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடும். காம்பவுண்டு வில்லும் அப்படித்தான். நாணை இழுக்கத் தொடங்கியதும் கனம் சட்டென்று 32 கிலோவுக்கு ஏறுகிறது. பாதி தூரத்துக்கு மேல் அப்படியே நிற்கிறது. பிறகு சக்கரம் திரும்பி நெம்புகோலின் அனுகூலம் நம் பக்கம் வந்துவிட, கனம் சரிகிறது. 80 சதவீதத் தளர்வு உள்ள, அதாவது உச்சக் கனத்தில் அத்தனை பங்கு குறைகிற, வில்லில் கடைசியில் கை தாங்க வேண்டியது வெறும் ஆறரை கிலோ. வில்லின் கைகள் முழுக்க வளைந்துதான் இருக்கின்றன, சேர்த்த ஆற்றலும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதைப் பிடித்துவைக்கும் பாரத்தை மட்டும் சக்கரம் தன் மீது ஏற்றிக்கொள்கிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. வில்லில் சேரும் ஆற்றல் என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. சாதாரண வில்லில் விசை சுழியத்திலிருந்து மெதுவாக ஏறுவதால், வரைபடத்தில் அது ஏறக்குறைய முக்கோணமாக விழும். காம்பவுண்டு வில்லில் விசை தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய்த் தங்கிவிடுவதால் முக்கோணம் புடைத்துப் பெட்டி போலாகிறது. அதே உச்ச விசை, அதே இழுப்புதூரம், ஆனால் கூடுதல் ஆற்றல். 32 கிலோ வில்லை அரை மீட்டர் அளவுக்கு இழுத்தால் முக்கோணக் கணக்கில் ஏறக்குறைய 80 ஜூல் வரும். நல்ல காம்பவுண்டு வில் 110 ஜூல் வரை சேர்க்கும்.

குறுக்குவில்லுக்கு வருவோம். வில்லைப் படுக்கவைத்து ஒரு கட்டையில் பூட்டினால் அதுதான் குறுக்குவில். இழுத்த நாணை ஒரு கொக்கி பிடித்துக்கொள்கிறது. டிரிக்கர் அந்தக் கொக்கியை விடுவிக்கிறது. இன்றைய குறுக்குவில்லின் நுனிகளிலும் அதே ஆலன் வழிவந்த சக்கரங்கள்தாம். கை தாங்க வேண்டியதில்லை என்பதால் இழுவிசையை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். 90 கிலோ சர்வசாதாரணம். காம்பவுண்டு வில்லைப் போல மூன்று மடங்கு! ஆனால் வலுவும் மூன்று மடங்கா என்றால், இல்லை. காம்பவுண்டு வில்லில் நாண் அம்பைத் தள்ளும் தூரம் 53 சென்டிமீட்டர் என்றால், குறுக்குவில்லில் அது 35 சென்டிமீட்டர்தான். தூரம் குறைந்த இடத்தில் விசை கூடியும் முழுப் பலன் இல்லை. சேரும் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கோடு நின்றுவிடுகிறது. நாண் கட்டையிலுள்ள தடத்தின் மேல் உரசிக்கொண்டு போவதில் கொஞ்சம் வீணாகவும் செய்கிறது.

ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டின் எஃகுக் குறுக்குவில்கள் இந்தக் கணக்கின் கொடுமையை நன்றாகக் காட்டுகின்றன. அவற்றுள் சிலவற்றின் இழுவிசை 450 கிலோவுக்கும் மேல்; பற்சக்கரமும் கைப்பிடியும் இல்லாமல் அவற்றை அசைக்கவே முடியாது. அவ்வளவு பாடுபட்டு இழுத்தாலும் நாண் நகர்ந்தது ஒரு சாண் அளவுதான். போதாததற்கு எஃகுக் கைகள் கனமானவை. சேர்ந்த ஆற்றலில் பெரும்பகுதி அந்தக் கைகளை அவையே முன்னால் தூக்கி எறிந்துகொள்வதில் போனது. இன்றைய கண்ணாடியிழைக் கைகள் எடை குறைவு. அதனால்தான் ஐந்தில் ஒரு பங்கு இழுவிசையிலேயே அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் கிடைக்கிறது.

இனி எண்களை நேருக்கு நேர் வைக்கலாம். 26 கிராம் அம்பைக் காம்பவுண்டு வில் நொடிக்கு 88 மீட்டர் வேகத்தில் விட்டால் அதன் ஆற்றல் 100 ஜூல். அதே எடையுள்ள குறுங்கணையைக் குறுக்குவில் நொடிக்கு 122 மீட்டரில் விட்டால் 193 ஜூல். நொடிக்கு 150 மீட்டரைத் தொடும் குறுக்குவில்களும் கடைகளில் உண்டு. இதைப் பார்த்துத்தான் "துப்பாக்கி" என்கிறார்கள். மான் வேட்டைக்குப் பயன்படும் சாதாரணத் துப்பாக்கியின் தோட்டா 3,500 ஜூலுக்கும் மேல் சுமந்து போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். குறுக்குவில் எந்தக் கணக்கில் பார்த்தாலும் வில்தான்.

அதோடு, அம்பு கொல்லும் விதமே வேறு. தோட்டா அதிர்ச்சியாலும் சிதைப்பாலும் கொல்கிறது. வேட்டை அம்பின் முனையிலிருப்பவை சவரக்கத்தி போன்ற அலகுகள். அவை நுரையீரலையோ இதயத்தையோ அறுத்து, இரத்தப்போக்கால்தான் மான் விழுகிறது. அந்த அறுப்புக்கு 100 ஜூலே தாராளம். அம்பு பெரும்பாலும் மறுபுறம் வெளியேறிவிடும். குறுக்குவில்லின் கூடுதல் 93 ஜூலில் பெரும்பகுதி மானுக்குப் பின்னாலிருக்கும் மண்ணுக்குத்தான் போகிறது.

அப்படியானால் வேகத்தால் பயனே இல்லையா? உண்டு, நேரத்தில். அம்பும் கல்லைப் போலத்தான் விழுகிறது. முப்பது மீட்டர் என்று கணித்து எய்த மான் உண்மையில் முப்பத்தைந்து மீட்டரில் நின்றால், காம்பவுண்டு அம்பு குறிக்குக் கீழே சுமார் 11 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். குறுங்கணை 6 சென்டிமீட்டர். ஆனால் இப்போது பலரின் சட்டைப்பையிலும் லேசர் தூரமானி இருப்பதால் இந்த அனுகூலம் மங்கிவிட்டது.

மங்காத ஒன்று, மானின் காது. நாண் அறையும் சத்தம் நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் போகிறது. அம்பைவிட வெகு முன்னதாக மானை எட்டிவிடும். சத்தம் கேட்ட மான் பாய்வதற்காக முதலில் கால்களை மடக்கித் தாழ்கிறது. வேட்டைக்காரர்கள் இதை அம்புக்குக் குனிவதாகப் பேசுவார்கள். உண்மையில் அது ஓடுவதற்கான ஆயத்தம். 25 மீட்டரில் சத்தத்துக்கும் காம்பவுண்டு அம்புக்கும் இடையில் 0.21 நொடி இருக்கிறது. திடுக்கிட 0.06 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மிச்சமுள்ள நேரத்தில் கால் தளர்ந்த மான் புவியீர்ப்பால் மட்டுமே 11 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். நுரையீரல் தப்பிக்கவோ, அதைவிட மோசமாக, மான் காயத்தோடு ஓடிப்போய்ப் பல மணி நேரம் துடிக்கவோ இது போதும். குறுங்கணைக்கோ இடைவெளி 0.13 நொடிதான், தாழ்வு இரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஆனால் 40 மீட்டர் தள்ளி நின்றால் குறுக்குவில்லுக்கும் அதே 0.21 நொடி வந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் கூடுதல், அவ்வளவே. அதோடு குறுக்குவில்லின் சத்தமும் பெரிது. குறுக்குவில்லால் துப்பாக்கி போல நூறு மீட்டரில் சுடலாம் என்று நம்பி இறங்குபவர் மானுக்குச் செய்வது பெரும் கொடுமை.

கொக்கி நாணைப் பிடித்திருப்பதற்கு விலையும் உண்டு. காம்பவுண்டு வில்லை இழுத்த பின் மான் மரத்துக்குப் பின்னால் மறைந்தால், நாணை மெதுவாகத் தளர்த்திவிடலாம். குறுக்குவில் பலவற்றை அப்படித் தளர்த்த வழி கிடையாது. மாலையில் திரும்பும் முன் மெத்தென்ற இலக்கிலோ மண்ணிலோ ஒரு கணையை எய்துதான் வெறுமையாக்க வேண்டும். அம்பு இல்லாமல் நாணை விடுவதோ தற்கொலை: வெளியேறப் போக்கிடம் இல்லாத அத்தனை ஆற்றலும் வில்லுக்குள்ளேயே திரும்பி அதைப் பிளந்துவிடும். முன்கையைச் சற்று உயர்த்திப் பிடித்துத் தடத்துக்கு மேலே கட்டைவிரல் தெரியும்படி வைத்திருந்தால் நாண் அந்த விரலைச் சீவிக்கொண்டு போகும். இரண்டாம் கணை என்பது ஆசை மட்டுமே. பாதத்தை வளையத்தில் ஊன்றி, பாரத்தைப் பாதியாக்கும் கயிறும் கப்பியும் மாட்டி இழுப்பதற்குள் மான் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு சட்டங்களைப் பார்த்தால், அவை வேகத்தைவிட இந்தக் கொக்கியைத்தான் குறிவைத்திருக்கின்றன. பல மாநிலங்களில் குறுக்குவில்லைத் துப்பாக்கி வேட்டைக்கு ஒதுக்கிய பருவத்தில் மட்டும், அல்லது வில்லை இழுக்க முடியாத ஊனமுற்றோருக்கும் முதியோருக்கும் மட்டும் அனுமதித்தார்கள். விஸ்கான்சின் 2014-இல் அதற்கெனத் தனிப் பருவம் திறந்தது. ஒரிகான் மாநிலம் வேட்டையில் அதை அடியோடு தடைசெய்திருக்கிறது. பிரிட்டன் வில், குறுக்குவில் என்று பேதம் பார்க்கவில்லை. 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாலும் வனவிலங்கைக் கொல்லக் கூடாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் கேள்வியே எழுவதில்லை.

அமெரிக்காவில் வில்வேட்டைப் பதிவுகளைப் பேணும் போப் அண்ட் யங் கிளப் இன்றும் குறுக்குவில்லை வில்லாக ஏற்பதில்லை. காம்பவுண்டு வில்லையும் அது ஒரேயடியாக அணைத்துக்கொள்ளவில்லை. 65 சதவீதத்துக்கு மேல் தளர்வுள்ள வில்லால் வீழ்த்திய மானைப் பதிவேட்டில் சேர்க்க நெடுங்காலம் மறுத்தது. யோசித்துப் பார்த்தால் அந்த விதியும் இதே கேள்வியின் அளவுகோல்தான்: பாரத்தில் எத்தனை பங்கு மனிதன் தாங்குகிறான், எத்தனை பங்கு பொறி தாங்குகிறது?

காம்பவுண்டு வில்லுக்கென்று ஒரு சிறு உதிரிப்பாகம் விற்கிறார்கள். வில்லின் கைப்பிடியிலிருந்து பின்னோக்கி நீளும் ஒரு தண்டு. அதன் முனையில் கொக்கி. முழுவதும் இழுத்த நாணைக் கொக்கியில் மாட்டிவிட்டால், எய்பவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கை ஓயாமல் காத்திருக்கலாம். வில் அதேதான், சக்கரமும் அம்பும் அதேதான், வேகத்தில் நொடிக்கு ஒரு மீட்டர்கூடக் கூடுவதில்லை. ஆனாலும் அந்தத் தண்டைப் பொருத்திய மறுகணம் சில மாநிலங்களின் விதிப்புத்தகத்தில் அது குறுக்குவில் ஆகிவிடுகிறது.