ஜன்னலோரம் வைத்த ரெஸ்வெரட்ரால்

காலையில் கலக்கிய ரெஸ்வெரட்ரால் ஸ்டாண்டர்டு கரைசல், அதாவது ஒப்பிட்டு அளக்க வைத்திருக்கும், அளவு தெரிந்த கரைசல். கரைசலில் உள்ள சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவியில் காலை ஓட்டத்தில் ஒரே ஒரு பீக் (ஒரு சேர்மத்துக்கு ஒன்றாக வரைபடத்தில் எழும் முகடு), அழகாக வந்தது. மதியம் அதே கரைசலைச் செலுத்தினால் முதல் பீக் பாதியாகக் குறைந்து, அதற்குப் பின்னால் புதிதாக இன்னொன்று. கருவியில் சேர்மங்களைப் பிரிக்கும் குழாயை (column) சந்தேகப்பட்டோம், கரைப்பானைப் புதிதாகத் தயாரித்தோம். பாதி நாள் போன பிறகுதான் குடுவை கண்ணில் பட்டது: நிறமற்ற கண்ணாடி, வெயில் விழும் ஜன்னலோரம்.

ரெஸ்வெரட்ரால் திராட்சைத் தோலிலும் வேர்க்கடலையிலும் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பான். உணவுத் துணைப்பொருளாக விற்கும் கேப்சூல்களுக்குப் பெரும்பாலும் ஜப்பானிய நாட்வீட் என்ற செடியின் வேரிலிருந்து எடுக்கிறார்கள்.

இதன் மூலக்கூறில் இரண்டு வளையங்கள், நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு. வளையங்கள் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ், ஒரே பக்கம் இருந்தால் சிஸ். இருட்டில் அந்தப் பிணைப்பு எளிதில் திரும்பாது. புறஊதா ஒளியை உறிஞ்சியதும் அதில் ஒரு பகுதி தளர்ந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் மூலக்கூறு சுழன்று, சிஸ் வடிவில் போய் இறுகலாம். கரைசலாக இருந்தால், நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி மாறிவிடும்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் என் கவலை. கரைசல் தெளிவாகவே இருக்கும். இரண்டு வடிவங்களுக்கும் மூலக்கூறு எடை அதே 228, அதனால் நிறையை மட்டும் பார்க்கும் கருவிக்கும் வித்தியாசம் புரியாது. டிரான்ஸ் 306 நானோமீட்டர் அலைநீள ஒளியை அதிகம் உறிஞ்சும், சிஸ் 286 பக்கம். 306இல் மட்டும் அளப்பவருக்கு சிஸ் பீக் இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும். சரக்கில் மருந்து குறைவு என்று அறிக்கை போய்விடும். உண்மையில் சரக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும், கெடுத்தது நம் மேசை.

புதிதாக வரும் பகுப்பாய்வாளர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்: ஒரே கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அலுமினியத் தாளில் சுற்றி டிராயரில் வையுங்கள், மற்றதை ஜன்னலில் வையுங்கள். மாலையில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஒளியைத் தடுக்கும் பழுப்புக் கண்ணாடியான ஆம்பர் குப்பியை எடுக்க யாரும் நினைவூட்ட வேண்டியிருக்காது. பல அலைநீளங்களில் ஒரே நேரத்தில் அளக்கும் டயோடு அரே டிடெக்டர் இருந்தால் இரண்டு பீக்கின் நிறமாலையையும் ஒப்பிடுங்கள், எது சிஸ் என்று உடனே தெரியும்.

வாங்கிப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆய்வுகளில் பெரும்பாலானவை டிரான்ஸ் வடிவத்தை வைத்தே நடந்தவை, ஆகவே லேபிளில் அந்தச் சொல்லும் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த தூள் கரைசலைப் போல அவ்வளவு எளிதில் மாறாது. முகத்துக்குப் பூசும் சீரம் அப்படியல்ல, அதைத் தெளிந்த கண்ணாடிப் புட்டியில் விற்றால் நான் வாங்க மாட்டேன். விழுங்கும் ரெஸ்வெரட்ராலின் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் வேறு சேர்மங்களாக மாற்றிவிடுவதால், மாறாத வடிவில் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே மிஞ்சுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.