குறி தப்பும் பழைய இரட்டைக்குழல்: குழலில் கை வைப்பதற்கு முன்

“குழல் வளைஞ்சிருக்கு, நிமிர்த்திக் குடுங்க.” பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியோடு பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் நோயையும் மருந்தையும் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். முன்பெல்லாம் குறி தப்பாது, இப்போது ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) முழுக்க இடப்பக்கம் போகிறது என்பார்கள். குழல் வளைவதும் உண்டுதான். ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய விஷயம். முதலில் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: இந்தத் துப்பாக்கியை இன்னும் சுடலாமா?

தோட்டா அறையின் நீளத்திலிருந்து தொடங்குங்கள். பழைய 12 போர் (bore, குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மி.மீ. தோட்டாவுக்கானது. இன்றைய 70 மி.மீ. தோட்டாவும் அதில் தடையில்லாமல் நுழையும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். ஏமாற்றம் அங்கேதான். தோட்டாவின் வாய் மடிக்கப்பட்டிருப்பதால் சுடுவதற்கு முன் அது குட்டையாக இருக்கிறது. சுட்டதும் மடிப்பு விரிந்து, குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் போய் நெருக்குகிறது. அழுத்தம் எகிறுகிறது. “உள்ளே போச்சே, அப்ப சரிதானே” என்ற வாதம் இந்தத் தொழிலில் செல்லாது.

அடுத்து, குழலின் அடிப்பக்கத்தில் குத்தப்பட்டிருக்கும் சோதனை முத்திரைகள், அதாவது வெடிமருந்தின் அழுத்தத்தைக் குழல் தாங்கியது என்பதற்கான அடையாளங்கள். லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் கம்பெனி 1637-இல் சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-இல் வந்தது. அங்கெல்லாம் சோதித்த குழலில் அது பழைய கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதா, இன்றைய புகையில்லா மருந்துக்கும் சோதிக்கப்பட்டதா என்பதை முத்திரையை வைத்தே சொல்லிவிடலாம். இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழலாக இருந்தால், வரி வரியாகத் தெரியும் அந்த அழகில் மயங்கி இன்றைய தோட்டாவைப் போட்டுவிடக் கூடாது. முத்திரை இருந்தாலும் அது குத்திய நாளின் நிலவரம்தான். பிறகு யாரோ துருவைச் சுரண்டிக் குழலை உள்ளே கடைந்து அகலமாக்கியிருக்கலாம். சுவர்க் கனத்தைக் கருவி வைத்து அளந்தே ஆக வேண்டும். எந்த இடத்திலாவது 0.5 மி.மீ.-க்குக் கீழே போனால் நான் அதைச் சுடச் சொல்வதில்லை. குழலுக்குள் வெளிச்சத்தைப் பார்க்கும்போது ஒரு வளைய நிழல் தெரிந்தால் அங்கே உப்பியிருக்கிறது. அதையும் ஒதுக்கி வையுங்கள். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மூடி விளக்குக்கு நேரே பிடியுங்கள். குழலின் பின்முகத்துக்கும் பாடிக்கும் (குழல் கீலில் மாட்டும் உலோக உடல்) நடுவே வெளிச்சக் கோடு தெரிந்தால் கீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடுக்கில் தகடு சொருகித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அது வைத்தியம் அல்ல, மறைப்பு.

இதெல்லாம் தேறிய பிறகுதான் குறியின் பேச்சு.

இரட்டைக்குழலில் பலருக்குத் தெரியாத ஒன்று: இரு குழல்களும் இணையாக இருப்பதில்லை. குழல்வாயை நோக்கிப் போகப் போக ஒன்றையொன்று நெருங்கும்படிதான் அவற்றைச் சேர்த்துப் பற்றவைக்கிறார்கள். வலது குழல் வெடிக்கும்போது பின்னுதைப்பு துப்பாக்கியின் நடுக்கோட்டுக்கு வலப்புறம் விழுவதால், ரவை குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே துப்பாக்கி சற்று வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. இடது குழலுக்கு நேர்மாறு. இந்தத் திருகலை முன்கூட்டியே கணக்கில் எடுத்துத்தான், சுமார் 36 மீட்டரில் இரண்டு ரவைக் கூட்டமும் ஒரே இடத்தில் விழும்படி குழல்களை உள்நோக்கிச் சாய்த்திருக்கிறார்கள். அதனால்தான் இரட்டைக்குழலை வைஸில் இறுக்கிச் சோதிப்பது வீண்வேலை. திரும்ப விடாமல் பிடித்தால் நல்ல துப்பாக்கியும் வலது குழலை இடப்பக்கமும் இடது குழலை வலப்பக்கமும் சுட்டுக் காட்டும்.

குழல்வாய் அடிபட்டது என்று அறுத்துக் குட்டையாக்கியவர்கள் செய்த கேடும் இதில்தான் அடங்கியிருக்கிறது. சோக் (ரவை சிதறுவதைக் கட்டுப்படுத்தும் குழல்வாய்க் குறுக்கம்) போய்விடுகிறது, அதோடு இந்தச் சமநிலையும் போய்விடுகிறது. பல நாடுகளில் அது குற்றமும்கூட.

சரி, காகிதத்துக்கு வருவோம். ஒரு மீட்டருக்கு மேல் அகலமான வெள்ளைக் காகிதம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, 36 மீட்டர் தூரம். முன்கையை மணல் மூட்டையில் சாய்த்து, துப்பாக்கியைக் கையிலேயே பிடித்து, ஒவ்வொரு சுடுதலுக்கும் புதுக் காகிதம். ஒற்றைக் காகிதத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றுக்கொன்று வித்தியாசம் வரும். ரவை அடர்ந்த இடத்தைக் கண்ணால் கணித்து, அதைச் சுற்றி 76 செ.மீ. விட்டத்தில் வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தின் மையம் புள்ளியிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய விடை. தோட்டாவிலுள்ள ரவையில் வட்டத்துக்குள் எத்தனை விழுந்தது என்பது சோக்கின் கதை: ஃபுல் சோக் என்றால் ஏறக்குறைய 70 சதவீதம், அதைவிடத் தளர்ந்த மாடிஃபைடு என்றால் 60. குறியையும் சோக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இப்போது காகிதங்களைக் குழல்வாரியாக வரிசைப்படுத்துங்கள். இரண்டு குழலும் ஒரே திசையில் தப்பினால் குழல்மேல் பழி போடாதீர்கள், தோளிலும் கன்னத்திலும் படும் பின்கட்டையைப் பாருங்கள். ரவைத் துப்பாக்கியில் பின்குறி என்று தனியாக எதுவும் கிடையாது, சுடுகிறவரின் கண்ணே பின்குறி. கன்னம் படும் விளிம்பு உயரமாக இருந்தால் கண் உயரும், அடி மேலே போகும். வலக்கைக்காரரின் கண் ரிப்பின் (இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டை) நடுவுக்கு இடப்புறம் நின்றால் ரவை இடப்பக்கம் போகும். சுமார் 15 மீட்டரில், கன்னம் படும் இடத்தில் 1.6 மி.மீ. மாறினாலே அடி 2.5 செ.மீ. மாறும். தாத்தாவின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த கட்டை பேரனுக்குப் பொருந்தாததில் என்ன அதிசயம்? தாத்தா இடக்கைக்காரராக இருந்து, கட்டை அந்தப் பக்கம் சாய்த்துச் செய்யப்பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு வழி எளிது. நல்ல வால்நட் கட்டையை வெப்பம் கொடுத்து நிதானமாக வளைக்கலாம், கன்னத்து விளிம்பைச் சீவலாம், உயர்த்தியும் கட்டலாம். கட்டை பாடியோடு சேரும் இடம் எண்ணெய் ஊறி மெத்தென்று ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். குழலை மேல்நோக்கி நிறுத்தியே பல காலம் வைத்த துப்பாக்கிகளில் எண்ணெய் எல்லாம் அங்கேதான் இறங்கியிருக்கும்.

குழல்கள் ஆளுக்கொரு திசையில் அடித்தால் உடனே பட்டறைக்கு ஓட வேண்டாம். முதலில் தோட்டாவை மாற்றிப் பாருங்கள், துப்பாக்கி தாங்கும் வரம்புக்குள். குழல்களின் சாய்வு ஒரு குறிப்பிட்ட எடைக்கும் வேகத்துக்கும் அமைக்கப்பட்டது. வேகம் கூடினால் துப்பாக்கி திரும்பி முடிப்பதற்குள் ரவை வெளியேறிவிடும். இரு அடிகளும் ஒன்றையொன்று கடந்து குறுக்கே போகும். வேகம் குறைந்தால் விலகிப் போகும். தோட்டாவை மாற்றியதோடு வேலை முடிந்து, உரிமையாளர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பிப் போனதும் உண்டு.

அதிலும் சரியாகாவிட்டால் ரிப்பைச் சோதிக்கிறேன். குழல்களை மட்டும் கழற்றி, கொக்கியில் தொங்கவிட்டு, விரல்முட்டியால் தட்டுவேன். ஈயப்பற்று கெட்டியாக இருந்தால் மணிபோல் நீளமாக ஒலிக்கும். விட்டிருந்தால் ‘டொக்’கென்று செத்த சத்தம், சில சமயம் கிரகிரவென்று அதிர்வு. கேட்கும்போது தெரியவரும்: சில காலம் முன்பு எங்கோ கொடுத்துப் ‘புதுசு போல’ குழலுக்குக் கருநீல நிறமேற்றி வாங்கியிருப்பார்கள். சூடான காரக் கரைசலில் முக்கி எடுக்கும் அந்த முறை ஒற்றைக்குழலுக்குச் சரி. ஈயத்தால் ஒட்டிய இரட்டைக்குழலில் அது பற்றைத் தின்றுவிடும். இடுக்கில் தங்கிய காரம் ரிப்புக்கு அடியில் துருவையும் வளர்க்கும். இரட்டைக்குழலுக்கு மெதுவாகத் துருவேற்றி நிறம் கொடுக்கும் பழைய முறைதான் ஏற்றது. எனக்கு இதில் சமரசமே கிடையாது.

ரிப்பைக் கழற்றித் துரு நீக்கி மறுபடி ஈயம் பற்றவைக்கலாம். அப்போதே குழல்வாய்ப் பக்க இடைவெளியைத் திருத்தி, சுட்டுப் பார்த்துச் சரிசெய்யலாம். சோக்கில் உலோகம் மிச்சமிருந்தால் அதை ஒரு பக்கமாகக் கடைந்தும் ரவையை நகர்த்தலாம். இரண்டுமே நேரமும் செலவும் பிடிக்கும் வேலை. பெரும்பாலும் துப்பாக்கியின் விலையையே தாண்டிவிடும். பழைய குழலை அறுத்துப் புதுக் குழல் செருகுவது இன்னும் பெரிய வேலை, அதற்குப் பிறகு மறுசோதனை முத்திரையும் வேண்டும். மரத்தின் கவட்டையில் குழலை மாட்டி நெம்புகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லி என்ன பயன் என்று சில நேரம் தோன்றும்.

உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் போகும்போது துப்பாக்கியோடு அந்தக் காகிதங்களையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் எந்தக் குழல், எவ்வளவு தூரம், எந்தத் தோட்டா, சுட்டது யார் என்று எழுதியிருக்கட்டும். வேறொரு அனுபவசாலி சுட்ட காகிதமும் சேர்ந்திருந்தால், கட்டையா குழலா என்ற பாதிக் கேள்விக்குத் துப்பாக்கியைக் கழற்றாமலேயே பழுதுபார்ப்பவர் பதில் சொல்லிவிடுவார்.