கீமா, கைமா, கொத்துக்கறி

கீமா என்றால் பொடியாகக் கொத்திய இறைச்சி. அதைப் போட்டுச் செய்யும் குழம்புக்கும் பிரட்டலுக்கும் அதே பெயர்தான். உருளைக்கிழங்கு சேர்ந்தால் ஆலூ கீமா. சேலத்துக் கறிக்கடையில் இந்தப் பெயரைச் சொல்கிறவர்கள் குறைவு. "அரைக்கிலோ கொத்துக்கறி போடுங்கண்ணா" என்பார்கள், இல்லாவிட்டால் கைமா என்பார்கள். ஓட்டல் பட்டியலையும் சமையல் காணொளிகளையும் பார்த்துப் பார்த்து இப்போது வீட்டுக்குள்ளும் கீமா வந்துவிட்டது.

சொல்லின் வேர் துருக்கிய மொழியில் இருக்கிறது. 'கிய்' என்றால் பொடியாக நறுக்கு, கொத்து. அதிலிருந்து 'கிய்மா'. துருக்கியில் இன்றும் கொத்திய இறைச்சிக்கு அதுதான் பெயர். கிரேக்கர்கள் 'கிமாஸ்' என்கிறார்கள். பாரசீகத்துக்குப் போய் 'கெய்மே' ஆனது. ஈரானில் அந்தப் பெயரில் ஒரு குழம்பு உண்டு. இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு, உடைத்த பருப்பு சேர்த்து, மேலே பொரித்த உருளைக்கிழங்கு வைத்துப் பரிமாறுவார்கள். உருதுவிலும் இந்தியிலும் அந்தச் சொல் கீமா. அக்பரின் அடுக்களையில் சமைத்தவற்றை அவர் அவையில் இருந்த அபுல் ஃபசல் அயினி அக்பரி என்ற நூலில் பட்டியல் போட்டிருக்கிறார். கீமா புலாவு அதில் இருக்கிறது. தமிழில் அது கைமா. பாரசீகக் கெய்மேக்குக் கீமாவைவிட நம் கைமாதான் ஒலியில் பக்கம். சண்டையில் "கைமா பண்ணிடுவேன்" என்று மிரட்டும் அளவுக்கு அந்தச் சொல் நம் வாயில் ஊறிவிட்டது.

ஆலூ சமஸ்கிருத 'ஆலுக'த்திலிருந்து வந்தது. முதலில் வேறு கிழங்குகளுக்கு இருந்த பெயர். தென் அமெரிக்க மலைகளில் விளைந்த கிழங்கு ஐரோப்பியர் வழியாக இங்கே வந்தபோது அதன்மேல் ஏறிக்கொண்டது. தமிழ் அதன் வடிவத்தைப் பார்த்து உருளைக்கிழங்கு என்றது. சேலத்துப் பக்கம் உருளை என்று சேர்த்துச் சொல்வதே நல்லது. ஜவ்வரிசி ஊரில் வெறும் கிழங்கு என்றால் அதற்கு மூலமான குச்சிக்கிழங்கும், அதாவது மரவள்ளியும், நினைவுக்கு வரும்.

சரி, கீமாவுக்குத் தமிழில் எது சரியான சொல்? கொத்துக்கறிதான் என்பேன். துருக்கிய வினை சொல்லும் அதே வேலையைத்தான் 'கொத்து' சொல்கிறது. கொத்துப் பரோட்டா போடுகிற ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. கறி பழந்தமிழில் மிளகைக் குறித்த சொல். பிறகு காய்கறி, பொரியல் கறி என்று பரவி, நம் பக்கம் தனியாகக் கறி என்றாலே ஆட்டுக்கறி என்றாகிவிட்டது. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து நிழல்மரங்களில் படரும் மிளகைத் தட்டி வைத்து, கொத்துக்கறியை இறக்கும்போது ஒரு கரண்டி போட்டுப் பாருங்கள், அந்தப் பழைய பொருளும் சட்டிக்குள் வந்துவிடும்.

'அரைத்த இறைச்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. கடைக்காரர் புளியங்கட்டையில் கறியை வைத்துக் கத்தியால் கொத்தும்போது துணுக்குகள் ஒரே அளவாக வராது. ஒன்று கடலைப்பருப்பு அளவு, இன்னொன்று அதில் பாதி, நடுவில் கொஞ்சம் கொழுப்பு. வாணலியில் அது உதிரி உதிரியாக வதங்கும். மெஷினில் ஓட்டியது விழுதாகி ஒட்டிக்கொள்ளும். கோலா உருண்டைக்கு அதுதான் வேண்டும். ஆகவே கத்தியால் கொத்தியதற்குக் கொத்துக்கறி, மெஷினில் அரைத்ததற்குக் கைமா என்று பிரித்து வழங்கினால் இரண்டு சொல்லுக்கும் வேலை இருக்கும்.

வீட்டில் செய்ய முன்தொடையோ பின்தொடையோ வாங்கலாம். கொத்தியபின் கழுவினால் சாறு தண்ணீரோடு போய்விடும், முழுத்துண்டாக இருக்கும்போதே கழுவித் தரச் சொல்லுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, நிறையச் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது வதக்கி, கறியும் மஞ்சள்தூளும் போட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கறி நீர் விட்டுத் தளதளவென்று கொதிக்கும். நீர் வற்றியதும் சத்தம் மாறிச் சடசடக்கும். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் அப்போதுதான். அவசரப்பட்டு முன்பே போட்டால் கறி வறுபடாமல் வெந்து மட்டும் வரும். அப்புறம் தண்ணீர் ஊற்றி மூடி, கறி முக்கால் பதம் வெந்ததும் சுண்டுவிரல் கனத்துக்கு நறுக்கிய உருளையைச் சேர்க்கலாம். தக்காளியை அளவோடு போடுங்கள். புளிப்பு ஏறினால் உருளை சீக்கிரம் வேகாது.

ஏற்காட்டில் சமைப்பவர்களுக்கு இன்னொன்று. அந்த ஊர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 95 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் கறியும் உருளையும் வேகக் கீழே ஆவதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும், அங்கே குக்கர் வைப்பதே நல்லது.