ஆங்கிலம் காலத்தில் கோடு கிழிக்கும் விதம்

ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் ‘ஹி நோ லாங்கர் ஸ்மோக்ஸ்’ என்கிறோம். அவர் இப்போது புகைப்பதில்லை என்பதுதான் நேரடிச் செய்தி. முன்பு புகைத்தவர் என்பதை யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அது கூடவே வந்துவிடுகிறது. ‘அவர் புகைப்பதை விட்டது உண்மையா?’ என்று கேள்வியாக்கினாலும் அந்தப் பழைய பழக்கம் அசையாமல் நிற்கும். மொழியியலில் இதற்கு முன்னனுமானம் என்று பெயர். காலத்தின் திருப்பத்தைக் காட்டும் ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன: ஒரு கோட்டைப் போட்டு, ஒரு பக்கத்தைச் சொல்லி, மறுபக்கத்தை நம்மையே நிரப்பிக்கொள்ள விடுகின்றன.

ஜெர்மானிய மொழியியலாளர் செபாஸ்டியன் லோப்னர், தம் மொழியின் ‘ஷோன்’ (ஏற்கெனவே), ‘நோஹ்’ (இன்னும்) போன்ற சொற்களை 1989இல் இந்தக் கோணத்தில் ஆராய்ந்தார். அவருடைய கணக்கு ஆங்கிலத்துக்கும் அழகாகப் பொருந்தும். விளக்கு எரியத் தொடங்கும் நொடி ஒரு கோடு. அதற்கு முன்னால் நின்று பேசினால் ‘நாட் யெட்’, தாண்டி நின்றால் ‘ஆல்ரெடி’. விளக்கு அணையும் நொடி இன்னொரு கோடு. அதற்கு இப்பால் ‘ஸ்டில்’, அப்பால் ‘நோ லாங்கர்’. ‘ஆல்ரெடி’யை மறுத்தால் ‘நாட் யெட்’ கிடைக்கும். ‘ஸ்டில்’லை மறுத்தால் ‘நோ லாங்கர்’. இலக்கணப் புத்தகங்கள் தனித்தனியாகச் சொல்லித்தரும் இந்த நான்கும் உண்மையில் ஒரே குடும்பம்.

எனக்கு மிகப் பிடித்த புதிர் ‘அன்டில்’. ‘ஷி ஸ்லெப்ட் அன்டில் நைன்’ சரியான வாக்கியம். ‘ஷி வோக் அப் அன்டில் நைன்’ தவறு. காரணம் வினையின் இயல்பில் இருக்கிறது. தூங்குவது நீளும், விழிப்பது நொடியில் முடியும். வினைகளை இப்படிக் கால இயல்பின்படி நான்கு வகையாகப் பிரித்தவர் தத்துவ அறிஞர் ஜீனோ வெண்ட்லர், 1957இல். ‘அன்டில்’லுக்கு நீளும் வினைதான் ஒத்துவரும். அப்படியானால் ‘ஷி டிட்ன்ட் வேக் அப் அன்டில் நைன்’ மட்டும் எப்படிச் சரியாகிறது?

விழிக்காமல் இருப்பதும் நீளக்கூடிய நிலைதானே என்பது ஒரு தரப்பின் பதில். மொழியியலாளர் லௌரி கார்ட்டுனன் 1974இல் இதை மறுத்தார். ஒன்பது வரை தூங்கினாள் என்றுவிட்டு ‘அதற்கு மேலும் தூங்கியிருக்கலாம்’ என்று சேர்க்க முடியும். ‘டிட்ன்ட் வேக் அப்’ வாக்கியத்திலோ அவள் ஒன்பதுக்கு விழித்தே ஆக வேண்டும். ஆகவே ஆங்கிலத்தில் இரண்டு ‘அன்டில்’கள் இருக்கின்றன என்றார்: ஒன்று நீளும் வினைக்கு, மற்றொன்று நொடியில் முடியும் வினையின் மறுப்புக்கு. கிரேக்க மொழி இந்த இரண்டு வேலைகளுக்கும் வெவ்வேறு சொற்களை வைத்திருப்பதைப் பார்க்கும்போது, என் மனம் கார்ட்டுனன் பக்கமே சாய்கிறது.

‘அன்டில்’லோடு பலர் குழப்பிக்கொள்ளும் ‘பை’ எளிது: ‘வெள்ளி வரை’ என்றால் ‘அன்டில்’, ‘வெள்ளிக்குள்’ என்றால் ‘பை’.

கோட்டை எங்கே நின்று பார்க்கிறோம் என்பதும் முக்கியம். தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைஷன்பாக் 1947இல் மூன்று புள்ளிகளைப் பிரித்துக் காட்டினார்: பேசும் நேரம், நிகழ்ச்சியின் நேரம், நாம் நின்று நோக்கும் நேரம். ‘ஃப்ரம் நௌ ஆன்’ பேசும் நொடியிலேயே கோடு போடுகிறது. ‘ஃப்ரம் தென் ஆன்’ கதைக்குள் நடந்த ஏதோ ஒரு நொடிக்கு அதை நகர்த்துகிறது. ‘பை தி டைம் ஹி அரைவ்ட், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்பதில் மூன்று புள்ளிகளும் தனித்தனியே நிற்கின்றன. ரயில் புறப்பட்டது முதலில், அவர் வந்தது பிறகு, நாம் பேசுவது கடைசியில். அவர் வந்த இடத்தில் நின்று பின்னால் பார்ப்பதால்தான் ‘ஹேட்’ வருகிறது.

‘சின்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு ‘அதற்குப் பிறகு’ என்று பொருள். ஆனால் ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தால், முந்தையதைக் காரணமாக எண்ணுவது மனித இயல்பு. அந்த எண்ணம் சொல்லுக்குள்ளேயே குடியேறிவிட்டது. ‘சின்ஸ் ஹி லெஃப்ட், ஷி ஹேஸ் பீன் ஹேப்பியர்’ என்பது அவன் போன பிறகா, போனதாலா? இரண்டும்தான். ‘சின்ஸ் யூ ஆர் ஹியர், லெட்ஸ் ஸ்டார்ட்’ என்பதில் காலம் முழுவதும் கரைந்து, காரணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.