முன்னுணர்த்தல்

நாவல் மதிப்புரைகளில் ‘ஃபோர்ஷேடோயிங்’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது. ‘ஃபோர்’ என்றால் முன், ‘ஷேடோ’ என்றால் நிழல். 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகப் புழங்கியது. சாயங்கால வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு ஒருவர் வந்தால், ஆளுக்கு முன்பே நிழல் வாசலில் விழுமே, அதுதான் இந்தச் சொல்லுக்குள் இருக்கும் படம். கதையில் பின்னால் நடக்கவிருப்பதன் சாயலை முன்பே ஒரு பொருளிலோ பேச்சிலோ விழவைக்கும் உத்தி.

தமிழில் இதை ‘முன்னறிவிப்பு’ என்கிறார்கள் சிலர். அது புயலுக்குச் சரி. கதையில் அறிவித்துவிட்டால் காரியம் கெட்டது. ‘முன்நிழல்’ கேட்க அழகுதான், ஆனால் வினையாக்கினால் நொண்டுகிறது. ‘முன்நிழலிட்டார்’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். ‘முன்னுணர்த்தல்’ என்பதே என் தேர்வு. உணர்த்துவதில் வாய்விட்டுச் சொல்லாமை அடங்கியிருக்கிறது.

இந்தத் தேர்வுக்குப் பழைய துணையும் உண்டு. தொல்காப்பிய மரபியல் பட்டியலிடும் நூல் உத்திகளில் ஒன்று ‘வந்தது கொண்டு வாராதது உணர்த்தல்’. அடுத்ததாகவே வருவது ‘முந்து மொழிந்ததன் தலைதடுமாற்று’, அதாவது முன்பு சொன்ன வரிசையை மாற்றிச் சொல்வது. இரண்டும் இலக்கண நூல் எழுதுகிறவருக்கான உத்திகள். கதைக்கென்று சொன்னவை அல்ல. என்றாலும் முன்னுணர்த்தலுக்கும், கால வரிசையைக் கலைத்துச் சொல்வதான, நாம் நான்லீனியர் என்றும் அ-நேர்கோட்டு எழுத்து என்றும் சொல்லிவரும் சிதறல் கதைகூறலுக்கும் இவ்வளவு பொருத்தமான பெயர்கள் அக்கம்பக்கமாகக் கிடப்பதைப் பார்த்தால் எடுத்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

கதையில் இந்த உத்தியைப் பார்க்கச் சிலப்பதிகாரம் போதும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில் கொடிகள் ‘வாரல்’ என்பதுபோல் மறித்துக் கை காட்டுகின்றன. வையை பூவாடை போர்த்திக் கண்ணீரை மறைத்துக்கொள்கிறது. ஆய்ச்சியர் குரவையில் குடத்துப் பால் உறையவில்லை, உறி வெண்ணெய் உருகவில்லை. ‘வருவது ஒன்று உண்டு’ என்கிறாள், கண்ணகிக்கு அடைக்கலம் தந்த ஆயர்குலத்து மாதரி. என்ன வரும் என்று மட்டும் சொல்வதில்லை.

இனி, தடைசெய்யப்பட்ட ஒரு காதலின் கதை. அருந்ததி ராயின் முதல் நாவல், 1997இல் புக்கர் பரிசு பெற்றது. ஜி. குப்புசாமியின் தமிழாக்கத்தில் ‘சின்ன விஷயங்களின் கடவுள்’. கேரளத்து அய்மனத்தில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்து அம்முவுக்கும் தீண்டத்தகாதவனாக ஒதுக்கப்பட்ட தச்சன் வெளுத்தாவுக்கும் இடையே 1969இல் மூண்ட உறவு. காலம் 1969க்கும் 1993க்குமாகத் தாவிக்கொண்டே இருக்கும். அம்முவின் மகள், சிறுமி ராஹேலின் பொம்மைக் கைக்கடிகாரத்தில் மணியை வரைந்தே வைத்திருக்கிறார்கள்: இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். எந்நாளும் அதே நேரம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அம்முவின் அண்ணன் மகள் சோஃபி மோள், வெளுத்தா, அம்மு ஆகிய மூவரும் இறந்ததை முதல் அத்தியாயமே சொல்லிவிடுகிறது. இதை ஃபோர்ஷேடோயிங் என்று எழுதுவது பிழை. இது முன்கூறல், ஆங்கிலத்தார் கிரேக்கத்திலிருந்து எடுத்து ‘புரோலெப்சிஸ்’ என்பார்கள். பின்னதை வெளிப்படையாக முன்னே சொல்வது வேறு, விதையாகப் போட்டுவைப்பது வேறு என்று பிரெஞ்சு விமர்சகர் ழெரார் ழெனெத் 1972லேயே பிரித்துக் காட்டினார்.

முன்னுணர்த்தலும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. சோஃபி மோளின் அடக்கத்தின்போது ராஹேல் தேவாலயக் கூரையை அண்ணாந்து பார்க்கிறாள். அதில் வானத்தைத் தீட்டிய ஆள் மேலிருந்து விழுந்து, மண்டையிலிருந்து கரிய ரத்தம் கசியக் கிடப்பதாக நினைத்துப்பார்க்கிறாள். படிக்கும்போது அது குழந்தையின் பராக்கு. போலீஸ்காரர்களின் அடியில் வெளுத்தாவின் மண்டை உடைவதை வெகு பின்னால் படிக்கையில்தான் அந்தக் கூரை நினைவுக்கு வருகிறது.

கடைசி அத்தியாயத்தில் தலைதடுமாற்று முழுமையாகிறது. இறந்துபோனவர்கள் என்று நமக்குத் தெரிந்த இருவரும் ஆற்றங்கரையில் காதலர்களாக முதல்முறை சந்திக்கிறார்கள். பிரியும்போது அம்மு திரும்பிப் பார்த்துச் சொல்வது ஒரே மலையாளச் சொல், நமக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத சொல்: “நாளெ.”