இலக்கமாக்கம்: 'டிஜிட்டைஸ்' என்பதற்குத் தமிழ்

கோலாலம்பூரில் பழைய தமிழ் இதழ்களையும் மாநாட்டு மலர்களையும் தேடிப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகும் மாணவர்கள் முதலில் கேட்பது, "இது டிஜிட்டைஸ் ஆயிடுச்சா?" என்றுதான். பேச்சில் அப்படிக் கேட்பதில் குறையில்லை. ஆய்வேட்டிலோ கட்டுரையிலோ எழுத உட்காரும்போதுதான் கை தயங்குகிறது. மின்மயமாக்கம், எண்ணிமமாக்கம், மின்னிலக்கமாக்கம், இலக்கவியல்மயம் என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். எது பொருத்தம் என்று தெரிய, மூலச்சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

லத்தீனில் 'டிஜிட்டஸ்' என்றால் விரல். ஒன்று முதல் ஒன்பது வரை விரல் விட்டு எண்ணியதால், இடைக்கால ஐரோப்பியக் கணக்கு நூல்கள் அந்த எண்களை விரல்கள் என்றே அழைத்தன. பத்து, இருபது, முப்பது போன்றவற்றுக்குக் கணுக்கள் என்று பெயர். கணுக்கள் வழக்கொழிந்தன, விரல்கள் நிலைத்தன. எண்ணை எழுதப் பயன்படும் ஒவ்வொரு குறியும் 'டிஜிட்' ஆனது. 1940களில் கணிப்பொறிகள் வந்தபோது, எதையும் தனித்தனி இலக்கங்களாக்கிக் கையாளும் முறைக்கு 'டிஜிட்டல்' என்ற பெயர் அமைந்தது.

தமிழில் இதற்கு நேரான சொல்லை நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கணிதப் பாடத்திலேயே படிக்கிறார்கள். இடமதிப்பு, இலக்க மதிப்பு என்று இரண்டு பாடங்கள் வரும். 1966 என்பது ஓர் எண். அதில் 1, 9, 6, 6 என நான்கு இலக்கங்கள். எண் வேறு, இலக்கம் வேறு என்ற தெளிவு அந்த வயதிலேயே வந்துவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இலக்கம் என்பதை வடமொழியோடு சேர்க்கிறது. இலக்கத்துக்கு நூறாயிரம் என்ற பொருளும் உண்டு. தனித்தமிழ் வேண்டுவோர் 'எண்' என்பதிலிருந்து பிறந்த 'எண்ணிம'த்தை நாடுவது இதனால்தான். அந்த விருப்பத்தை மதிக்கிறேன். ஆனால் எண் என்பது முழு எண்ணைக் குறிக்கும், எட்டையும் குறிக்கும். எண்திசை, எண்மர் என்கிறோமே. பொருள் துல்லியத்துக்கு இலக்கம்தான் பொருந்துகிறது.

ஊருக்கு ஊர் வழக்கு மாறுகிறது. சிங்கப்பூரில் மின்னிலக்கம். இலங்கையின் நூலகம் நிறுவனம் தன்னை எண்ணிம நூலகம் என்கிறது. தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகம் என்கிறது. மலேசியச் செய்திகளில் 'இலக்கவியல் அமைச்சு' என்று படிக்கிறோம். ஓர் அமைச்சின் பெயருக்கு அது சரி. ஆனால் 'இயல்' சேர்ந்தால் உயிரியல், இயற்பியல் போல ஒரு துறையின் பெயராகிவிடுகிறது. 'இலக்கவியல் செய்தித்தாள்' என்றால் இலக்கங்களை ஆராயும் செய்தித்தாள் என்று பொருள்படும். செயலைச் சொல்ல இலக்கமாக்கம், இலக்கமாக்குதல். பொருளைச் சொல்ல இலக்கமாக்கிய இதழ், இலக்கமாக்கிய தொகுப்பு. இவையே என் தேர்வு. சாதாரண இலக்கத்தோடு குழம்பும் என்று அஞ்சுவோர் மின்னிலக்கமாக்கம் என்று எழுதலாம். அதுவும் நல்ல சொல்தான்.

எதை ஏற்க முடியாது என்றால், 'வருடல்' என்பதை இதற்கு ஈடாக எழுதுவதை. பக்கத்தைக் கருவியில் வைத்துப் படமெடுப்பது வருடல், அதாவது ஸ்கேன். அது முதல் படி மட்டுமே. அந்தப் படமும் இலக்கங்களால் ஆனதுதான். ஆனால் அந்த இலக்கங்கள் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அடர்த்தியையும்தான் சொல்கின்றன. அங்கே ஓர் எழுத்து இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது. அடுத்து எழுத்துணரி என்ற மென்பொருள் படத்தைப் படித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய ஒருங்குறி (யூனிகோடு) எண்ணைத் தர வேண்டும். அப்போதுதான் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யும் சொல் பக்கத்தில் இருக்கும் சொல்லோடு பொருந்தும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் ஒரு பெயர் தேடினால் அகப்படாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டாம் படிதான்: ஒன்று, அது நடக்கவே இல்லை, அல்லது பிழையாக நடந்திருக்கிறது.

தமிழில் அந்தப் பிழைக்கு வாய்ப்பு அதிகம். பழைய நூல்களின் முகப்பில் ஆண்டைத் தமிழ் இலக்கங்களில் அச்சிட்டிருப்பார்கள். சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' இதழ் தொடங்கிய 1887ஆம் ஆண்டைத் தமிழ் இலக்கத்தில் எழுதினால் ௧௮௮௭. இதில் ௧ என்பது ககரம் போலவும், ௮ அகரம் போலவும், ௭ எகரம் போலவும் தெரியும். எழுத்துணரி இதைக் 'கஅஅஎ' என்று படித்துவிட்டால் அந்த ஆண்டைத் தேடி வருபவருக்கு நூல் கிடைக்காது. ஒருங்குறியில் க என்ற எழுத்தின் எண் 2965, ௧ என்ற இலக்கத்தின் எண் 3047. மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு முற்றிலும் வேறு. அப்புறம் எழுத்துச் சீர்திருத்தம் இருக்கிறது. 1978இல் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, னை போன்றவற்றைத் துதிக்கை போன்ற கொம்போடு அச்சிட்டார்கள். புதிய வடிவங்களை மட்டும் கற்ற எழுத்துணரி அந்தப் பக்கங்களில் தடுமாறும்.

நூற்பட்டியலிலும் கவனம் வேண்டும். பல பல்கலைக்கழக நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் ஒரு கட்டான முறைப்படி பதிகின்றன. அதில் ழகரம், எல் எழுத்தின் கீழே கோடிட்டு வரும். நாம் பழகிய இஸட், ஹெச் வராது. சகரத்துக்கு சி, ககரத்துக்கு எப்போதும் கே. 'சங்கம்' என்பதை எஸ்ஸும் ஜியும் போட்டுத் தேடினால் வெறும் பக்கம்தான் வரும். ஊர்ப் பெயர்களுக்கும் மலாயா, மலேயா, கோலாலம்பூர், குவாலா லும்பூர் என்று எல்லா வடிவத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் கோலாலம்பூருக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இலேயே தொடங்கிவிட்டது. முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில், தனிநாயகம் அடிகளின் முயற்சியில், இதே நகரில்தான் கூடியது. 1924 முதல் இங்கே வெளிவந்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. தோட்டத்து வேலைநிறுத்தம், பள்ளி திறப்பு, நாடக அறிவிப்பு, காணாமல் போனவரைத் தேடும் விளம்பரம் என இந்நாட்டுத் தமிழர் வாழ்க்கை இதுபோன்ற நாளேடுகளில்தான் நாள்தோறும் பதிவானது. அந்தத் தாள்கள் பழுப்பேறி ஓரம் உதிரும் வகையைச் சேர்ந்தவை. மலாய்ச் சுவடிகளுக்கு 'மைமனுஸ்கிரிப்' என்ற இலக்கத் தொகுப்பை மலாயாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். தமிழ் ஏடுகளுக்கும் அந்த அளவு உழைப்பு வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

கேட்கும்போது சொல்லைச் சரியாகப் போட்டுக் கேட்க வேண்டும். 'ஸ்கேன் செய்து தாருங்கள்' என்று விண்ணப்பித்தால் படங்கள் கிடைக்கும். எழுத்துணரி வழியாகப் படித்து, ஒரு தமிழ் ஆசிரியர் பிழை திருத்தி, பழைய இலக்கங்களைச் சரிபார்த்துத் தேடக்கூடிய உரையாகத் தர வேண்டுமென்றால், விண்ணப்பத்தில் 'இலக்கமாக்கம்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'தேடத்தக்க உரையுடன்' என்று சேர்த்துவிடுங்கள்.