முள் குறைத்துக் காட்டினால் பல் தேய்ந்ததா?

விடியற்காலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கேரளப் பக்கம் மலையேறும் பழைய ஜீப்புகளில், ஸ்பீடோமீட்டர் முள் செத்துக் கிடப்பதும் நடுங்குவதும் குறைத்துக் காட்டுவதும் சாதாரணம். மூன்றுக்கும் பட்டறையில் ஒரே பதில் வருவதுண்டு: "பினியன் பல் தேஞ்சிருச்சு, மாத்திரலாம்." முள் செத்ததற்கு அது சரியான பதிலாக இருக்கலாம். நிதானமாக, எப்போதும் ஒரே அளவு குறைத்துக் காட்டுவதற்கு அது பதிலே அல்ல.

காரணம் எளிது. கார்களில் கியர்பாக்ஸின் அவுட்புட் ஷாஃப்டிலும், வில்லிஸ் வகை ஜீப்புகளில் டிரான்ஸ்பர் கேஸின் (கியர்பாக்ஸை அடுத்து, முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) பின்பக்க ஷாஃப்டிலும் மரை போட்டதுபோல ஒரு எஃகு வார்ம் இருக்கும். அதற்குக் குறுக்கே ஒரு சிறு பல்சக்கரம், அதுதான் பினியன். பினியனின் நடுத்துளையில், மீட்டருக்குப் போகும் கேபிளுக்குள் சுழலும் உள்கம்பியின் சதுர முனை செருகியிருக்கும். வார்மில் 4 பல், பினியனில் 16 பல் என்றால், ஷாஃப்ட் நான்கு சுற்று சுற்றும்போது கேபிள் ஒரு சுற்று. பல் பாதி தேய்ந்தாலும் எண்ணிக்கை 16தான். பல் ஒன்றையொன்று பிடித்திருக்கும்வரை கணக்கில் ஒரு துளியும் குறையாது. பிடி விட்டால் தாவும். அப்போது முள் சட்டென்று விழுந்து எழும், இல்லையென்றால் அடியோடு நிற்கும். தேய்ந்த பல்லால் 60-ஐ 54 என்று நாள் முழுக்க ஒரே சீராகக் காட்ட முடியாது.

(இந்த ஜீப்புகளில் வார்ம் லோ கியருக்கும் பின்னால் இருப்பதால், லோ போட்டு ஏறும்போதும் முள் உண்மையான வேகத்தையே சொல்லும். அங்கே சந்தேகம் வேண்டாம்.)

மீட்டருக்குள் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல், முள் பொருத்திய ஒரு அலுமினியக் கிண்ணம் சூழ்ந்திருக்கும். காந்தம் சுழலச் சுழலக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அது கிண்ணத்தைக் காந்தம் சுழலும் பக்கம் இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று திருப்பி இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்சே 1902-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. கிலோமீட்டர் எண்கள் அப்படியல்ல. அவை பல்சக்கரங்களால் நேரடியாக ஓடுகின்றன. ஒரே கேபிள், இரண்டு வேறு வழிகள். பழுது பார்ப்பவருக்குக் கிடைத்த நல்ல வசதி இது.

சாலையோரக் கிலோமீட்டர் கற்களை வைத்து 10 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். எண்கள் சரியாக ஓடி முள் மட்டும் குறைந்தால், காந்தம் வலுவிழந்திருக்கும், அல்லது சுருள்வில்லிலோ கிண்ணத்திலோ கோளாறு. கியர் பக்கமே போக வேண்டாம். முள் சரி, எண்கள் மட்டும் நின்றன என்றால் மீட்டருக்குள்ளிருக்கும் சின்னப் பல்சக்கரம். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் டயரையோ, அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனையோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். 5.38 விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்று) இருந்த ஜீப்பில் 4.88 போட்டிருந்தால் இரண்டுமே ஏறத்தாழ 9 சதவீதம் குறையும். நிஜமான 60 கிலோமீட்டர் வேகம் 54 ஆகத் தெரியும். இரண்டும் செத்திருந்தாலும், தாவித் தாவி ஓடினாலும்தான் கேபிளையும் பல்லையும் பார்க்க வேண்டும்.

பல் தாவுகிறதா என்று அறிய வண்டியைத் தள்ளினாலே போதும். மீட்டரின் பின்புறம் கேபிள் நட்டைக் கழற்றி, உள்கம்பியின் முனையில் ஒரு அட்டைத் துண்டைக் கொடிபோல ஒட்டுங்கள். சமதரையில் 20 மீட்டர் அளந்து, கியரை நியூட்ரலில் வைத்துத் தள்ளி, கொடி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கால் சுற்றுவரை எண்ணுங்கள். அதை 50-ஆல் பெருக்கினால் கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்று வரும். பல மீட்டர்களின் முகப்பில் சின்னதாக ஓர் எண் அச்சிட்டிருக்கும். மைல் மீட்டரில் 1000 என்றிருந்தால் மைலுக்கு ஆயிரம் சுற்று, அதாவது கிலோமீட்டருக்கு 621, 20 மீட்டருக்கு 12.4. மூன்று முறை தள்ளுங்கள். மூன்றிலும் ஒரே எண் வந்தால் பல் தாவவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஒரு விஷயம்: மீட்டரின் பளு இல்லாமல் எண்ணுகிறோம். அதனால் எண் சரியாக வந்தும் முள் தாவினால், உள்கம்பியின் முனையை விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு மறுபடி தள்ளிப் பாருங்கள்.

பினியன் வீட்டை (பினியன் உட்கார்ந்திருக்கும் கூடு) கழற்றும் முன் அதன் நிலையைச் சென்டர் பஞ்ச் கொண்டு ஒரு புள்ளி அடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் துளை நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளியிருக்கும், திருப்பிப் போட்டால் பல் பாதிதான் பிடிக்கும். கீழே ஒரு தட்டு வையுங்கள், எண்ணெய் வரும். பினியனைத் துடைத்து வெளிச்சத்தில் உருட்டுங்கள். நல்ல பல்லின் உச்சி தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் கத்திமுனைபோல் கூராகி, ஒரு பக்கம் மட்டும் குழிந்திருக்கும். கட்டைவிரல் நகத்தை ஓட்டினால் குழி தடுக்கும். பிறகு துளை வழியே டார்ச் அடித்து, ஒருவரைப் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். ஷாஃப்ட் சுற்றியும் வார்ம் நின்றால் அதை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் சாவித் துண்டோ கிளிப்போ போய்விட்டது. எத்தனை பினியன் மாற்றினாலும் பயனில்லை.

இனிதான் பலர் தவறவிடும் இடம். பினியன் தானாகத் தேய்வது குறைவு, கேபிள் தேய்க்கிறது. கேபிளின் கீழ்முனை வண்டிக்கடியில் சேறும் மழையும் படும் இடம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் அங்கே தண்ணீர் ஏறி உள்கம்பி துருப்பிடித்தால், சுற்றுவதற்கு வேண்டிய பலம் கூடி, அத்தனையும் பினியன் பல்லில் விழுகிறது. நைலான் பினியன் முதலில் தோற்கும். விலையுயர்ந்த வார்மைக் காப்பதும் அதுதான். கேபிளைச் சரிசெய்யாமல் புதுப் பினியன் போட்டால் அதுவும் சீக்கிரமே போகும். உள்கம்பியை வெளியே இழுத்து மண்ணெண்ணெயில் கழுவி, மேசையில் போட்டு உருட்டுங்கள். துள்ளினால் வளைந்திருக்கிறது, மாற்றுங்கள். மெல்லிய கிரீஸ் தடவிச் செருகி, மேல்முனையில் 20 சென்டிமீட்டர் வெளியே இழுத்து அந்தப் பகுதியைத் துடைத்துவிடுங்கள். கிரீஸ் மீட்டருக்குள் ஏறினால் கிண்ணம் ஒட்டிக்கொள்ளும். பினியன் வீட்டின் ஆயில் சீல் போனாலும் கியர் எண்ணெய் கேபிள் வழியே மேலே ஏறும். சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். கேபிளை மாட்டும்போது வளைவின் ஆரம் 15 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது; இரு முனைகளிலும் 5 சென்டிமீட்டர் நேராக இருக்கட்டும்.

புதுப் பினியன் வாங்கும்போது பல்லை எண்ணி வாங்குங்கள். 16-க்குப் பதில் 15 போட்டால் முள் ஏறத்தாழ 7 சதவீதம் கூட்டிக் காட்டும். பல்லின் சாய்வு வலமா இடமா என்பதும் ஒத்திருக்க வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் கியர் வெட்டும் பட்டறையில் செய்துகொள்ளலாம், ஆனால் தேய்ந்த பினியனை மட்டும் மாதிரியாகக் கொடுக்காதீர்கள். அதன் வெளிவிட்டம் ஏற்கெனவே குறைந்துவிட்டது. வார்மின் விட்டத்தையும் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் அளந்து கொடுங்கள். உடைந்த நைலான் துணுக்கு கியர்பாக்ஸில் விழுந்திருந்தால் வடிகால் பிளக்கின் காந்தம் அதைப் பிடிக்காது. எண்ணெயைத் துணியில் வடிகட்டிப் பார்த்துவிட்டு, புது எண்ணெயை மட்டம்வரை ஊற்றி மூடுங்கள்.